குவைத் டிக்கெட் காசு திரும்பக் கிடைக்குமா?

பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கடிதம் நீளமானது, முக்கியமான பகுதி மட்டும் இங்கே:

"என் வீட்டுக்காரர் குவைத்தில் ஒரு கம்பெனியில் எட்டு வருஷம் ஏசி மெக்கானிக்காக இருந்தார். சம்பளம் 120 தினார். 2020 மார்ச்சில் கொரோனா வந்ததும் வேலையை நிறுத்திவிட்டார்கள். மூன்று மாதம் சம்பளம் இல்லை. தூதரகத்தில் பெயர் பதிந்து ஜூலையில்தான் வர முடிந்தது. டிக்கெட்டுக்கு நான் வளையலை அடகு வைத்து 25,000 அனுப்பினேன். அரசாங்கமே இலவசமாகக் கூட்டி வருகிறது என்று டிவியில் சொன்னார்களே, அந்தப் பணத்தை இப்போது கேட்டு வாங்க முடியுமா? 'நிலைமை சரியானதும் கூப்பிடுவோம், கணக்கை அப்போது முடிக்கலாம்' என்றது கம்பெனி. கூப்பிடவே இல்லை. சம்பள பாக்கியும் சர்வீஸ் பணமும் வருமா? இன்னொன்று, என் கொழுந்தனுக்கு ஒரு ஏஜென்ட் குவைத் விசா இருக்கிறது என்கிறார். காதிம் விசாதான், ஆனால் வேலை கடையில் என்கிறார். ஒன்றேகால் லட்சம் கேட்கிறார். முதலில் விசிட்டில் துபாய் போய், அங்கிருந்து குவைத் போக வேண்டுமாம். தம்பி எட்டாவது வரைதான் படித்தார். மறுபடி இப்படி ஒரு நோய் வந்தால் அரசாங்கம் அவரைக் கூட்டி வருமா?"

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மூன்று கேள்விகளில் முதல் இரண்டுக்கும் நீங்கள் விரும்பும் பதிலை என்னால் தர முடியாது. மூன்றாவதில் இன்னும் நேரம் இருக்கிறது. அதனால் முதல் இரண்டையும் சொல்லிவிட்டு, அதற்கு அதிக இடம் எடுத்துக்கொள்கிறேன்.

டிவியில் இலவசம் என்று நீங்கள் கேட்டது பொய்யில்லை. அது வேறு பயணம். 2020 பிப்ரவரி முதல் இரண்டு நாட்களில் சீனாவின் ஊஹான் நகரிலிருந்து ஏர் இந்தியா விமானங்கள் 647 இந்தியர்களை டெல்லிக்குக் கொண்டுவந்தன. அவர்களிடம் டிக்கெட் காசு வாங்கவில்லை. டெல்லி அருகே முகாம்களில் தங்க வைத்ததும் அரசு செலவில்தான். மே 7 அன்று தொடங்கிய 'வந்தே பாரத்' விமானங்களின் கதை வேறு. மே 5 அன்று உள்துறை அமைச்சகம் வெளியிட்ட நடைமுறை உத்தரவிலேயே 'பயணச் செலவைப் பயணியே ஏற்க வேண்டும்' என்று எழுதிவிட்டார்கள். லண்டனிலிருந்து வர 50,000 ரூபாய், அமெரிக்காவிலிருந்து ஒரு லட்சம் ரூபாய் என்று விமானப் போக்குவரத்து அமைச்சரே அறிவித்தார். கடற்படைக் கப்பலில் மாலத்தீவிலிருந்து வந்தவர்களிடம்கூட ஆளுக்கு 40 டாலர் வாங்கினார்கள். ஆக, உங்கள் வீட்டுக்காரர் கட்டிய பணம் விதிப்படி வாங்கிய பணம். அதைத் திருப்பித் தர எந்தத் திட்டமும் இல்லை. வக்கீல் நோட்டீஸ், நீதிமன்றம் என்று யாராவது ஆசை காட்டினால் இன்னும் ஒரு வளையலை அடகு வைக்காதீர்கள்.

'சொந்த நாட்டுக்காரனைக் கூட்டிவர அரசுக்குக் கடமை இல்லையா?' என்று கடிதத்தில் இன்னோர் இடத்தில் கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. சொந்த நாட்டுக்குத் திரும்பி வர யாருக்கும் உரிமை உண்டு. வெளிநாடு போவதும் வருவதும் அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவுக்குள் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1967-லேயே சொல்லிவிட்டது. இந்தியா சேர்ந்திருக்கும் சர்வதேச உடன்படிக்கையும் அதையே சொல்கிறது. ஆனால் அந்த உரிமை வாசலில் வந்து நிற்பவனை உள்ளே விடச் சொல்லும். விமானம் அனுப்பி, காசு வாங்காமல் அழைத்து வா என்று அரசுக்குக் கட்டளை இடும் சட்டம் நம்மிடம் இல்லை. தூதரகம் செய்யும் உதவி எல்லாமே நிர்வாகம் மனது வைத்துச் செய்வதுதான். 2020 ஏப்ரல் 13 அன்று வளைகுடா, ஈரான், பிரிட்டன், அமெரிக்கா என்று பல நாடுகளில் சிக்கியவர்களுக்கான மனுக்கள் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தன. இருக்கும் இடத்திலேயே இருங்கள் என்று சொல்லி நான்கு வாரம் தள்ளி வைத்தார்கள். மார்ச் 22-க்குப் பிறகு வெளிநாட்டிலிருந்து எந்தப் பயணிகள் விமானமும் இந்தியாவுக்கு வரக்கூடாது என்று வாசலை மூடியதே நம் அரசுதான். வாசலை மூடியவரே வண்டி அனுப்பும்போது வாடகை கேட்டது சரியா என்றால், சட்டப்படி தவறில்லை. என் கணக்கில் நியாயமும் இல்லை. குறைந்தது, வேலை போன கூலித் தொழிலாளியிடமாவது கேட்டிருக்கக் கூடாது.

போரில் சிக்கியவர்களுக்கு இந்தியா பெரும்பாலும் தாராளமாகத்தான் இருந்திருக்கிறது. இதே குவைத்தை 1990-ல் சதாம் உசேன் பிடித்தபோது, அம்மானிலிருந்து மும்பைக்கு 488 முறை விமானம் பறந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுவந்தார்கள். 2015-ல் ஏமன், 2022-ல் உக்ரைன், 2023-ல் சூடான் எல்லாமே பயணிக்கு இலவசம். போரில் ஆபத்து ஒரு நாட்டில் இருப்பவர்களுக்கு மட்டும். நோயில் எல்லா நாட்டிலும் ஒரே நேரத்தில் லட்சக்கணக்கானவர்கள் பெட்டியோடு நிற்கிறார்கள். வந்து இறங்குகிறவர்களைத் தனிமைப்படுத்தி வைக்க ஊரிலும் இடம் வேண்டும். அதனால் அரசு பின்வாங்கியது. மற்ற நாடுகளும் பெரிதாக மாறுபடவில்லை. ஜெர்மனி இரண்டு லட்சத்துக்கு மேல் ஆட்களைக் கூட்டிவந்துவிட்டு, பிறகு வீட்டுக்கு பில் அனுப்பியது. அமெரிக்கா பயணியிடம் கடன் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஏற்றியது. ஆஸ்திரேலியா 2021 மே மாதம் இந்தியாவில் இருந்த தன் சொந்தக் குடிமக்கள் திரும்பி வந்தால் சிறை என்றே இரண்டு வாரத்துக்குச் சட்டம் போட்டது. சென்னையில் அம்மா அப்பாவைப் பார்க்க வந்த ஆஸ்திரேலியத் தமிழர்களும் அதில் மாட்டினார்கள்.

பிலிப்பைன்ஸ் மட்டும் வேறு. அங்கே வேலைக்கு அனுப்பிய ஏஜென்சிதான் தொழிலாளியைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்று 1995-லேயே சட்டம் இருக்கிறது. ஏஜென்சி செய்யாவிட்டால் அரசின் நல நிதி செலவழித்துவிட்டுப் பிறகு ஏஜென்சியிடம் வசூலிக்கும். அந்த நிதிக்குத் தொழிலாளி ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் 25 டாலர் சந்தா கட்டுகிறார். கொரோனாவில் விமானம் மட்டுமில்லை, மணிலாவில் இறங்கியதும் ஓட்டல் செலவும் அரசு பார்த்துக்கொண்டது.

நம்மிடமும் அப்படி ஒரு நிதி இருக்கிறது என்பதுதான் பலருக்குத் தெரியாத விஷயம். இந்தியச் சமூக நல நிதி என்று பெயர். 2009-ல் தொடங்கியது; ஒவ்வொரு தூதரகத்திலும் இருக்கிறது. உங்கள் வீட்டுக்காரர் குவைத்தில் இருந்த எட்டு வருஷத்தில் ஒரு முறையாவது அங்கேயே பாஸ்போர்ட் புதுப்பித்திருப்பார் இல்லையா? அப்போது கட்டிய கட்டணத்தில் ஒரு சிறு தொகை இந்த நிதிக்குப் போயிருக்கும். அதாவது அது அவரைப் போன்றவர்களின் காசு. நிர்க்கதியாக நிற்பவருக்குச் சாப்பாடு, தங்குமிடம், அவசர சிகிச்சை, ஊர் வர டிக்கெட், சிறு அபராதம், வக்கீல் செலவு, இறந்தவரின் உடலை அனுப்புவது எல்லாவற்றுக்கும் அதில் வழி உண்டு. ஆனால் கேட்க வேண்டும். கையில் காசில்லை, கம்பெனியும் டிக்கெட் தரவில்லை என்று அங்கே இருக்கும்போதே எழுதிக் கொடுக்க வேண்டும்; தூதரகம் விசாரித்து முடிவு செய்யும். ஊர் வந்து சேர்ந்த பிறகு ரசீதைக் காட்டி வாங்கும் நிதி அல்ல அது. பெயர் பதியும்போதே 'உங்களிடம் டிக்கெட்டுக்குப் பணம் இருக்கிறதா?' என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் எத்தனையோ வீடுகளில் நகை வெளியே போயிருக்காது. கேட்கவில்லை என்பதுதான் என் வருத்தம்.

இன்னொரு வழியும் இருந்தது. எட்டாவது, ஒன்பதாவது படித்து வளைகுடா போகிறவர்கள் கிளம்பும்போது 'பிரவாசி பாரதீய பீமா' என்ற காப்பீடு எடுத்தே ஆக வேண்டும். இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாய், மூன்று வருஷத்துக்கு 375. விபத்தில் இறந்தால் பத்து லட்சம் என்பதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். தன் தவறில்லாமல் வேலை பாதியில் போனால், தூதரகம் சான்று கொடுத்தால், ஊர் திரும்பும் விமானக் கட்டணமும் அதில் உண்டு. ஆனால் போகும்போது ஏஜென்ட் கட்டிக் கொடுத்த காப்பீடு இரண்டு, மூன்று வருஷத்தில் செத்துப்போகும். ஆன்லைனில் புதுப்பிக்கலாம், புதுப்பிக்கிறவர்களை நான் பார்ப்பது அபூர்வம். எட்டு வருஷம் ஆன உங்கள் வீட்டுக்காரருடையதும் காலாவதி ஆகியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். அவருடைய பழைய தாள்களில் தேடிப் பாருங்கள், ஆனால் நம்பிக்கை வைக்காதீர்கள்.

இனி சம்பள பாக்கி.

குவைத் தொழிலாளர் சட்டம் 2010-ம் ஆண்டின் 6-ம் எண் சட்டம். அது காகிதத்தில் உங்கள் வீட்டுக்காரர் பக்கம்தான் நிற்கிறது. தொழிலாளி காரணமில்லாமல் நிறுவனம் மூடிக் கிடந்தால் அந்த நாட்களுக்கும் சம்பளம் உண்டு. ஊர் திரும்ப டிக்கெட் கம்பெனி பொறுப்பு. வேலை முடியும்போது தர வேண்டிய சர்வீஸ் பணம் என்பது முதல் ஐந்து வருஷத்துக்கு வருஷம் 15 நாள் சம்பளம், அதற்கு மேல் வருஷத்துக்கு ஒரு மாதச் சம்பளம். 120 தினாருக்கு எட்டு வருஷக் கணக்குப் போட்டால் ஏறத்தாழ 700 தினார் வரும். மூன்று மாத பாக்கி 360 தினார். எல்லாம் சேர்த்தால் ஆயிரம் தினாருக்கு மேல். அன்றைய மதிப்பில் இரண்டு லட்ச ரூபாயைத் தாண்டும்.

அதே சட்டம் இன்னொன்றும் சொல்கிறது. வேலை முடிந்த நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் கேட்காவிட்டால் நீதிமன்றம் அந்த வழக்கை ஏற்காது. 'கூப்பிடுகிறோம், அப்போது முடிக்கலாம்' என்று கம்பெனி சொன்னதற்கு அர்த்தம் இதுதான். பல பேரிடம் இதே வசனத்தைச் சொல்லியிருக்கிறார்கள். 2020 ஆகஸ்டிலிருந்து ஓராண்டுக்கு மேல் குவைத் இந்தியாவிலிருந்து நேரடி விமானங்களையே அனுமதிக்கவில்லை. துபாயில் 14 நாள் தங்கி, அதற்கும் செலவழித்துப் போனவர்கள் மட்டும் உள்ளே போனார்கள். மற்றவர்கள் ஊரிலேயே காத்திருந்தார்கள். அக்காமாவும் (குவைத்தில் தங்கும் அனுமதி) காலாவதி ஆனது, கேட்கும் காலமும் முடிந்தது.

இரண்டு விஷயங்களை மட்டும் அவரிடம் கேட்டுப் பாருங்கள். குவைத்தில் இருக்கும்போது மனிதவள ஆணையத்தின் தொழிலாளர் அலுவலகத்தில் புகார் ஏதாவது பதிந்தாரா? பதிந்திருந்தால் அந்த எண் இருக்கிறதா? இருந்தால் நிலைமை வேறு. உடனே எனக்கு எழுதுங்கள். இரண்டாவது, கிளம்புவதற்கு முன் அரபியில் எழுதிய தாள் எதிலாவது கையெழுத்துப் போட்டாரா? விமானத்துக்கு முந்தின நாள் ராத்திரி கேம்ப் ஆபீசில் வரிசையாக நிற்க வைத்து, 'இது பாஸ்போர்ட் வாங்கியதற்கான கையெழுத்து' என்று சொல்லி வாங்கியிருப்பார்கள். அந்தத் தாளை எனக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தவர்கள் உண்டு. மொழிபெயர்த்துப் பார்த்தால் 'நானாகவே ராஜினாமா செய்கிறேன், எனக்கு வர வேண்டிய பாக்கி எதுவும் இல்லை' என்று இருக்கும். ராஜினாமா என்றால் அவர் கணக்கில் சர்வீஸ் பணம் மூன்றில் இரண்டு பங்குதான். பாக்கி இல்லை என்றால் அதுவும் இல்லை.

புகாரும் இல்லை, கையெழுத்தும் போட்டாயிற்று என்றால், வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளத்தில் ஒரு மனு போடலாம். இலவசம். 2015 முதல் இருக்கிறது. சிவில் ஐடி (குவைத் அடையாள அட்டை) நகல், ஒப்பந்தம், சம்பளம் வந்த வங்கிக் கணக்கின் ஸ்டேட்மென்ட் மூன்றையும் இணையுங்கள். தூதரகம் கம்பெனிக்கு ஒரு கடிதம் போடும். கம்பெனி பெரியதாக, பெயருக்குப் பயந்ததாக இருந்தால் ஏதாவது கொடுக்க வாய்ப்பு உண்டு. சட்டம் கட்டாயப்படுத்தாது. போட்டுவிட்டு மறந்துவிடுங்கள்.

சர்வீஸ் பணத்தை ஈடுகட்டாது என்றாலும், வேலை இழந்து திரும்பியவர்கள் சிறுதொழில் தொடங்க மானியத்தோடு கடன் தரும் திட்டத்தைத் தமிழக அரசு அறிவித்தது. ஏசி மெக்கானிக்குக்கு நம் ஊரில் வேலைக்குப் பஞ்சமில்லை. தஞ்சாவூர் மாவட்டத் தொழில் மையத்தில் இப்போது என்ன திட்டம் நடப்பில் இருக்கிறது என்று ஒரு நடை கேட்டு வாருங்கள். கேரளம் அந்த வருஷமே திரும்பிப் போக முடியாமல் நின்றவர்களுக்குக் கையில் 5,000 ரூபாய் கொடுத்தது. அவர்களிடம் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கென்றே 1996 முதல் ஒரு துறை இருக்கிறது. நாம் 2011-ல் சட்டம் போட்டோம். நல வாரியம் வர அதன்பிறகு பத்து வருஷம் ஆனது. 2020 கோடையில் தமிழகத்துக்கு விமானங்கள் குறைவு என்று உயர் நீதிமன்றம் வரை வழக்குப் போனதற்குப் பின்னால் இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்: டெல்லியில் போய் நம் ஆட்களுக்காக நிற்க, அன்று நமக்கு ஆள் இல்லை.

கொழுந்தன் விஷயத்துக்கு வருகிறேன்.

2020-ல் குவைத்தில் யாருக்கு என்ன உதவி கிடைத்தது என்பதை அவருக்கு நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டும். உங்கள் வீட்டுக்காரர் கஷ்டப்பட்டார், ஆனால் அவர்தான் வரிசையில் மேலே இருந்தவர். அவரிடம் ஷூன் விசா (தனியார் கம்பெனி வேலைக்கான விசா) இருந்தது, செல்லும் அக்காமா இருந்தது, பாஸ்போர்ட் எண் இருந்தது. தூதரகப் படிவத்தில் எல்லாக் கட்டத்தையும் நிரப்ப முடிந்தது. வேலை இழந்த தொழிலாளிகள், விசா முடிந்தவர்கள், கர்ப்பிணிகள், நோயாளிகள், வீட்டில் மரணம் நேர்ந்தவர்கள், மாணவர்கள் என்று முன்னுரிமை வகுத்திருந்தார்கள். அந்தப் பட்டியலில் அவர் பெயர் வந்தது. அப்படியும் ஜூலை ஆயிற்று.

அவருக்குக் கீழே, அக்காமா முடிந்து பல வருஷமாக ஒளிந்து வேலை பார்த்தவர்கள். கல்லிவல்லி என்று நம் ஆட்களே சொல்வார்களே, அவர்கள். குவைத் அரசு 2020 ஏப்ரலில் பொதுமன்னிப்பு அறிவித்தது. அபராதம் இல்லை, டிக்கெட்டும் குவைத் செலவு. இந்தியர்களுக்கு ஏப்ரல் 16 முதல் 20 வரை நாள் ஒதுக்கினார்கள். போய்ச் சரணடைந்தார்கள், முகாம்களில் தங்க வைத்தார்கள். குவைத் ஏற்றி அனுப்பத் தயாராக இருந்தும், இந்தியா வாசலைத் திறக்காததால் மே மாதம் வரை அந்த முகாம்களிலேயே கிடந்தார்கள். டிக்கெட் இலவசமாகக் கிடைத்தது இவர்களுக்குத்தான். அதுவும் நம் அரசு கொடுத்ததில்லை.

இவர்களுக்கும் கீழே ஒரு கூட்டம் இருந்தது. உங்கள் கொழுந்தனை ஏஜென்ட் கொண்டுபோய் நிறுத்தப் பார்க்கும் இடம் அதுதான். காதிம் விசா என்றால் ஒரு அரபி வீட்டில் வேலைக்காரன், சமையல்காரன், டிரைவர் என்று உள்ளே விடும் விசா. அந்த வீட்டில் மட்டும்தான் வேலை செய்யலாம். கடையில் நின்றால் அந்த நிமிஷத்திலிருந்து சட்டத்தை மீறியவர். அக்காமா செல்லும் என்பதால் பொதுமன்னிப்புக்குள்ளும் வரமாட்டார். கடை மூடினால், கடைக்காரர் 'நீ என் ஆள் இல்லை' என்பார். விசா கொடுத்த வீட்டுக்காரரான கஃபீல், 'என் வீட்டுக்கு நீ வந்ததே இல்லை' என்பார். பாஸ்போர்ட்டோ அந்தக் கஃபீல் வீட்டு அலமாரியில் இருக்கும். ஓடிப்போனதாக ஒரு புகார் கொடுத்துவிட்டால், கேட்கப் போகும் இடத்திலேயே பிடித்து வைப்பார்கள். இவருக்காகச் சம்பளப் பாக்கிக் கணக்குப் போட வேண்டிய தேவையே வராது. ஒப்பந்தத்தில் இருக்கும் வேலை வேறு, செய்த வேலை வேறு. எந்தத் தாளைக் காட்டிக் கேட்பது?

'துபாய்க்கு விசிட்டில் போய், அங்கிருந்து குவைத்' என்பதற்கும் காரணம் இருக்கிறது. பத்தாவது முடிக்காதவரின் பாஸ்போர்ட்டில் குடிபெயர்வு அனுமதி தேவை என்று இருக்கும். குவைத்துக்கு வேலைக்குப் போனால் 'இ-மைக்ரேட்' இணையதளத்தில் ஒப்பந்தம், சம்பளம், முதலாளி விவரம் எல்லாம் ஏற்றி, குடிபெயர்வோர் பாதுகாவலர் என்ற மத்திய அரசு அதிகாரி அனுமதி தர வேண்டும். விசிட்டில் துபாய் போனால் சென்னை, திருச்சி கவுண்ட்டரில் இவர் சுற்றுலாப் பயணி. அனுமதி வேண்டாம், காப்பீடு வேண்டாம், ஏஜென்ட் பெயர் எங்கும் வராது. ஏஜென்டுக்கு அதுதான் வேண்டும். பதிவு பெற்ற ஏஜென்ட் லட்சக்கணக்கில் வங்கி உத்தரவாதம் அரசிடம் வைத்திருக்கிறார். அவர் அனுப்பிய ஆள் வெளிநாட்டில் நின்றுபோனால், கூட்டிவரும் செலவை அதிலிருந்து எடுக்க 1983-ம் ஆண்டுச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஏஜென்ட் பெயரே பதிவில் இல்லாவிட்டால் எடுப்பதற்கு ஒன்றும் இல்லை.

ஒன்றேகால் லட்சம் என்றீர்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதற்கு ஜிஎஸ்டி. அதற்கு மேல் வாங்கினால் குற்றம்.

மறுபடி அப்படி ஒரு நோய் வந்தால் அரசு கூட்டி வருமா என்று கேட்டீர்கள். வரும் என்றே நினைக்கிறேன். தூத்துக்குடித் துறைமுகத்துக்கு 2020 ஜூன் தொடக்கத்தில் ஐஎன்எஸ் ஜலஷ்வா கப்பல் கொழும்பிலிருந்து 685 பேரைக் கொண்டுவந்து இறக்கியது. ஒரு வாரத்துக்குள் மாலத்தீவிலிருந்து இன்னொரு நடை. ஜூலை 1 அன்று ஈரானில் மாட்டியிருந்த நம் மீனவர்களோடு அதே கப்பல் மறுபடி வந்தது. நம் அரசு நினைத்தால் செய்யும், செய்தும் இருக்கிறது. ஆனால் அந்த ஈரான் கப்பலிலும் இடம் இல்லாமல் சிலர் கரையிலேயே நிற்க வேண்டி வந்தது. கப்பலோ விமானமோ, யார் எங்கே இருக்கிறார் என்று அரசுக்கு முன்பே தெரிந்தவர்களிடமிருந்துதான் பட்டியல் தொடங்கும். சட்டத்தை மாற்றாமல் இதற்கு மேல் உறுதி தர முடியாது. 2019-லும் 2021-லும் புதிய குடிபெயர்வுச் சட்டத்துக்கு வரைவு வெளியிட்டார்கள். திருப்பிக் கூட்டிவருவதைத் தொழிலாளியின் உரிமை என்று எழுதும் சட்டம் வரும்வரை, தம்பி தன் பெயரைப் பதிவில் கொண்டுவருவதுதான் கையில் உள்ள ஒரே பிடி.

அதனால் அவர் வெளிநாடே போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. டெல்டாவில் அப்படிச் சொல்லிவிட்டு யாரும் வீட்டுக்குள் நிம்மதியாக உட்கார முடியாது. போகட்டும், ஷூன் விசாவில் போகட்டும். ஏஜென்டிடம் அவருடைய பதிவு எண்ணைக் கேளுங்கள். இ-மைக்ரேட் தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் பெயர், முகவரி, உரிமம் இன்னும் நடப்பில் இருக்கிறதா என்பதெல்லாம் தெரியும். எண் கேட்டதும் கோபம் வந்தால் அதுவே பதில். முன்பணம் கொடுத்துவிட்டீர்களா என்று கடிதத்தில் இல்லை. கொடுத்திருந்தால் ரொக்கமாகவா, ஜிபேயிலா? ஜிபேயில் என்றால் அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ரொக்கமாக என்றால், 'தம்பி விசாவுக்காகக் கொடுத்த முன்பணத்துக்கு ரசீது எப்போது தருவீர்கள்?' என்று வாட்ஸ்அப்பில் கேட்டு அவர் பதில் போடும்படி செய்யுங்கள். சரி என்று ஒரு வார்த்தை எழுதினாலும் போதும். இவற்றில் ஒன்று இருந்தால் சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்திலும், உங்கள் மாவட்ட எஸ்.பி. அலுவலகத்திலும் ஒரே மனுவைக் கொடுக்கலாம். மனு எழுதும் முன் அந்த விசா நகலை எனக்கு அனுப்புங்கள். அரபியில் தொழில் என்ற இடத்தில் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.